பேரீச்சம்பழத்துக்குப் போட மாட்டேன்

"மாமா, இந்த வண்டியைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுட்டு ஒரு புதுசு எடுக்கக் கூடாதா?"

இந்த மாசத்தில் மட்டும் நாலு பேர் கேட்டாச்சு. நாலு பேருமே சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிற நம்ம வீட்டுப் பிள்ளைங்கதான். செப்டம்பர் 22ஆம் தேதி சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி.யை 18 சதவீதமாகக் குறைச்சாலும் குறைச்சாங்க, ஊர்ல எல்லாரும் அடுத்தவன் வண்டியோட வயசைக் கணக்குப் பார்க்க ஆரம்பிச்சுட்டாங்க. போன்ல பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. அதனால இங்கேயே எழுதிடறேன். படிக்கிற உங்கள்ல பாதிப் பேராவது இதே கேள்வியை உங்க ஊர்ல யாரையாவது கேட்டிருப்பீங்க.

வண்டி 2006 மாடல். ஜப்பான் கம்பெனி, 2400 சி.சி. பெட்ரோல், நீளம் கிட்டத்தட்ட 4.8 மீட்டர். பேர் சொல்லல, சொன்னா விளம்பரம்னு சொல்வீங்க. 2001, 2002 வாக்கில் சொனாட்டா, அக்கார்ட், மொண்டியோ, ஆக்டேவியா, கேம்ரின்னு வரிசையா இந்தியாவுக்கு வந்து இறங்குச்சே, அந்த ஜாதி. அதுக்கு முன்னாடி நம்ம ஆளுங்களுக்குப் பெரிய கார்னா கான்டெசாதான். இந்த வண்டிங்க வந்தப்போ டாக்டர், மில் முதலாளி, வக்கீல்னு அவங்க மட்டும்தான் வாங்க முடிஞ்சது. ரெட்டியார்பாளையத்தில் ஒரு சொல்தா குடும்பம் வச்சிருந்தது. (வெளியூர்க்காரங்களுக்கு: பிரெஞ்சு ராணுவத்துல வேலை பார்த்த குடும்பங்களை நாங்க சொல்தான்னுதான் சொல்லுவோம்.) அவங்க பிள்ளைகளோட பிரான்சுக்கே போயிட முடிவு பண்ணினப்போ, 2015ல், 72,000 கிலோமீட்டர் ஓடின வண்டியை 2 லட்சத்து 40 ஆயிரத்துக்கு வாங்கினேன். புதுசுல அது வித்த விலைக்கு அன்னிக்கு எங்க பக்கம் நிலமே வாங்கியிருக்கலாம்.

இப்போ ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் தாண்டியாச்சு. நான் இதை ஞாயித்துக்கிழமை துடைச்சு வச்சு போட்டோ எடுக்கிற வண்டியா வச்சுக்கல. வீடு ரெட்டியார்பாளையம், நிலம் கூடப்பாக்கம் பக்கம். மூலக்குளம், அரும்பார்த்தபுரம் மேம்பாலம், வில்லியனூர் வழியா தினம் போய்த் திரும்பணும். டிக்கியில ரெண்டு மூட்டை யூரியா, ஒரு கைத்தெளிப்பான், மண்வெட்டி. பின் சீட்டுல அம்மாவை உட்கார வச்சு ஜிப்மருக்கு மாசம் ஒரு தடவை. மூட்டு தேய்ஞ்ச கிழவிக்கு இந்தப் பின்சீட்டு மாதிரி இடம் எந்தப் புதுக் கார்லயும் இல்ல. அக்கா மகன் வாங்கின புது எஸ்.யு.வி.யில ஏற அதுக்கு ஒரு முக்காலி வேணும்.

"விவசாயிக்கு எதுக்கு இவ்வளவு பெரிய கார்?" இது அடுத்த கேள்வி. வாயால கேட்க மாட்டாங்க, பார்வையில இருக்கும். எட்டு வருஷம் ஓடின சின்னக் காரை அஞ்சு லட்சத்துக்கு வாங்கினா அது அடக்கம். பத்து வருஷம் ஓடின பெரிய காரை அதுல பாதி விலைக்கு வாங்கினா அது ஆடம்பரம். இந்தக் கணக்கு எந்தப் பள்ளிக்கூடத்துல சொல்லிக்கொடுத்ததுன்னு தெரியல. பெரிய காருக்கு ஏழெட்டு வருஷத்துல விலை தரை தட்டும். ஏன்னா அதை முதல்ல வாங்கினவருக்கு அது வண்டி இல்ல, அந்தஸ்து. அந்தஸ்து பழசாயிடும். எஞ்சின் பழசாகல. நீங்க கழிச்சுப் போடறதுல இன்னும் பாதி ஆயுசு மிச்சம் இருக்கு, அதை நாங்க எடுத்துக்கறோம். அவ்வளவுதான் விஷயம்.

சரி, கணக்குக்கே வருவோம். வருஷத்துக்கு 8,000 கிலோமீட்டர் ஓட்டறேன். லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர்னு வச்சா 800 லிட்டர். புதுச்சேரியில பெட்ரோல் 96 ரூபாய் சொச்சம், தமிழ்நாட்டை விடக் கொஞ்சம் மலிவு. ஆக, 77,000 ரூபாய். புதுச் சின்னக் கார் 18 கொடுக்கும்னு வச்சுக்கிட்டா 43,000. பெட்ரோல்ல வருஷத்துக்கு 34,000 ரூபாய் எனக்குக் கூடுதல் செலவு. ஒத்துக்கறேன். ரிப்பேர் செலவு சராசரியா 30,000. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் 1500 சி.சி.க்கு மேலன்னா 7,897 ரூபாய், வரி தனி. முழு இன்சூரன்ஸ் இந்த வயசு வண்டிக்குக் கொடுக்க எந்த ஏஜென்டும் ஆர்வம் காட்டறதில்ல. ஆக, பழசு மலிவுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

இப்போ அந்தப் பக்கம் பாருங்க. 8 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 7 வருஷம். மாசத் தவணை கிட்டத்தட்ட 12,900 ரூபாய். வருஷத்துக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல. சம்பளக்காரருக்கு இது ஒரு வரி, ஒண்ணாம் தேதி வரும், அஞ்சாம் தேதி போகும். கரும்புக்கு ஒண்ணாம் தேதி கிடையாதுங்க. நடவு போட்டு பத்து, பன்னிரண்டு மாசம் கழிச்சு வெட்டு. வெட்டின அப்புறம் ஆலை எப்போ பணம் போடும்னு கேட்டா அது தனிக் கதை, ஆலை பேர் வேணாம். வருஷத்துல ஒரு தடவையோ ரெண்டு தடவையோ கையில காசு புரளும். பழைய வண்டியோட செலவும் அதே மாதிரிதான் வரும். ஷாக் அப்சார்பர் சத்தம் போட ஆரம்பிச்சா, "அண்ணா, இன்னும் மூணு மாசம் ஓடும், வெட்டு முடிஞ்சதும் கொண்டாங்க"ன்னு மேட்டுப்பாளையத்துல நம்ம மெக்கானிக் தம்பி சொல்லுவான். எந்த பேங்க் மேனேஜராவது அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கீங்களா?

இது புரியாம "கணக்குப் பார்த்தா புதுசுதான் லாபம்"னு எனக்கு எக்செல் ஷீட் அனுப்பறாங்க. உங்க எக்செல்ல பன்னிரண்டு கட்டம் இருக்கு. என் வருஷத்துல ரெண்டு கட்டம்தான்.

அடுத்து மாசு. இதைச் சொல்லும்போதுதான் நகரத்து ஆளுங்க முகத்துல ஒரு சாமியார் களை வந்துடும். நானும் கணக்குப் போட்டேன். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா சுமார் 2.3 கிலோ கரியமில வாயு. என் வண்டி வருஷத்துக்கு 1.8 டன் விடுது. புதுசு 1 டன் விடும். வித்தியாசம் 0.8 டன். ஆனா புதுசு வானத்துலேர்ந்து விழறதில்ல. இரும்பு உருக்கணும், அலுமினியம் உருக்கணும், பிளாஸ்டிக், கண்ணாடி, பெயின்ட். ஒரு கார் செய்யப் பல டன் கரியமில வாயு. ஆறு டன்னுன்னே வச்சுக்குவோம். அந்தக் கடன் அடையவே ஏழு வருஷத்துக்கு மேல ஆகும். ஏழாவது வருஷம் நீங்க என்ன பண்ணுவீங்க? வித்துட்டு அடுத்த புதுசுக்குப் போயிடுவீங்க.

புகைக்கும் கரியமில வாயுவுக்கும் வித்தியாசம் இருக்கு, அதை மறைக்கல. பி.எஸ்.6 வண்டியோட புகை என் வண்டியோடதைவிடச் சுத்தம், சந்தேகமே இல்ல. அதுக்குத்தான் புகைப் பரிசோதனைன்னு ஒண்ணு வச்சிருக்காங்க. சைலன்சர்ல குழாயை விட்டு அளந்து பார். தேறலன்னா ஓட்டாதேன்னு சொல். நானே சாவியைக் கொடுத்துடறேன். ஆனா அளக்கவே மாட்டேன், ஆர்.சி.யில வருஷத்தை மட்டும் பார்ப்பேன்னா அது என்ன நியாயம்? எங்க கொட்டகையில 1998 டிராக்டர் நிக்குது. டீசல். காலையில ஸ்டார்ட் பண்ணினா தெருவே கறுக்கும். 2021 ஜனவரியில மத்திய அரசு பசுமை வரி யோசனையைக் கொண்டு வந்தப்போ டிராக்டர், அறுவடை இயந்திரத்துக்கெல்லாம் விலக்குன்னு அவங்களே சொன்னாங்க. சந்தோஷம். அதே நான், அதே கொட்டகை, பக்கத்துல நிக்கிற புகையில்லாத பெட்ரோல் வண்டி மட்டும் குற்றவாளி.

கட்டணத்தைப் பாருங்க. காருக்கு முதல் பதிவு 15 வருஷம், அப்புறம் அஞ்சஞ்சு வருஷமாப் புதுப்பிக்கணும். 2021ல் நான் புதுப்பிச்சப்போ கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரல் 1 முதல் அது 5,000. 2025 ஆகஸ்டில் 20 வருஷம் தாண்டின காருக்கு 10,000 ஆக்கிட்டாங்க. என் வண்டிக்கு அடுத்த வருஷம் 20 வயசு. அஞ்சு வருஷத்துக்குப் பத்தாயிரம்னா வருஷத்துக்கு ரெண்டாயிரம், அதுல நான் செத்துப் போயிட மாட்டேன். என் ஆத்திரம் காசு இல்ல. அந்தப் பத்தாயிரத்தை வாங்கிட்டு எஞ்சினை நாலு மணி நேரம் பிரிச்சு மேய்ஞ்சு, பிரேக்கை அளந்து, சேசிஸைத் தட்டிப் பார்த்தா கையெடுத்துக் கும்பிடுவேன். வாங்கறது வயசுக்குத் தண்டம்.

டெல்லியில இதோட உச்சம். 10 வருஷம் தாண்டின டீசல், 15 வருஷம் தாண்டின பெட்ரோல் வண்டி ஓடக் கூடாதுன்னு பசுமைத் தீர்ப்பாயம் 2014, 2015ல் சொன்னது, 2018ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி பண்ணியது. 2025 ஜூலை 1 முதல் அந்த வண்டிகளுக்கு பங்க்ல பெட்ரோலே கிடையாதுன்னு கேமரா வச்சாங்க. சில நாள்கூடத் தாங்கல, பின்வாங்கிட்டாங்க. ஆகஸ்ட் 12ல், வயசை மட்டும் காரணம் காட்டி உரிமையாளர் மேல நடவடிக்கை வேண்டாம்னு உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டுச்சு. இத்தனை வருஷமா அந்த வண்டிங்க எல்லாம் எங்கே போச்சுன்னு நினைக்கிறீங்க? தடையில்லாச் சான்று வாங்கிக்கிட்டு வேற ஊருக்குத்தான். டெல்லியில விஷம், ரயில்ல ஏறித் தெற்கே வந்தா அதே வண்டி "சிங்கிள் ஓனர், சூப்பர் கண்டிஷன்".

எங்க வீதியில பாதி வீட்டுக்குப் பிரான்சுல சொந்தம் இருக்கு. அங்கே எப்படின்னு கேட்டுப் பார்த்தேன். காருக்கு நாலு வயசு ஆனதும் ஒரு தொழில்நுட்பப் பரிசோதனை, அப்புறம் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. பிரேக், ஸ்டியரிங், துரு, விளக்கு, புகை எல்லாம் பார்ப்பாங்க. தேறினா ஓட்டு, தேறலன்னா சரி பண்ணிட்டு வா. பாரிசுக்குள்ள பழைய வண்டிக்குத் தனிக் கட்டுப்பாடு கொண்டு வந்தாங்க, ஸ்டிக்கர் ஒட்டணும். ஆனா அந்த ஸ்டிக்கரும் எந்த எரிபொருள், எந்தப் புகைத் தரம்னு பார்த்துக் கொடுக்கிறதுதான். டீசலுக்கு ஒரு கண்ணு, பெட்ரோலுக்கு ஒரு கண்ணு. நமக்கு அந்தக் காலத்துப் பிரெஞ்சுக்காரன் விட்டுட்டுப் போனது வீதிப் பேரும் போலீஸ் தொப்பியும் மட்டும்தான் போல.

வண்டிப் பதிவுன்னதும் ஒரு விஷயம் ஞாபகம் வருது. புதுச்சேரியில வரி குறைவுன்னு இந்த ஊரையே பார்க்காத சொகுசுக் கார்கள் எல்லாம் பி.ஒய். 01 நம்பர்ல ஓடுது. 2017ல் கேரளாவில அது பெரிய வழக்கா வெடிச்சது, போலி முகவரி கொடுத்து இங்கே பதிவு பண்ணினதா சினிமாக்காரங்க மேலயே புகார். ஒரு கோடி ரூபாய் வண்டி வரியில தப்பிக்க எங்க ஊர் முகவரி வேணும். நிஜமாவே இந்த ஊர்ல இருந்து, இந்த ஊர்ச் சேத்துல ஓடற பி.ஒய். 01க்கு வயசுத் தண்டம்.

இப்போ எனக்கு உண்மையிலேயே வயித்தெரிச்சலா இருக்கிற விஷயத்துக்கு வரேன். இ20.

நான் கரும்பு விவசாயி. 20 சதவீதம் எத்தனால் கலக்கிறதுக்கு நான்தான் முதல்ல கைதட்டணும். 2030ல் எட்டணும்னு வச்சிருந்த இலக்கை 2025க்கு முன்னாடி கொண்டு வந்தாங்க, விவசாயி வாழ்வான்னு சொன்னாங்க. இந்தப் பருவத்துக்குக் கரும்பு விலை குவின்டாலுக்கு 355 ரூபாய்னு அறிவிச்சிருக்காங்க. அது சர்க்கரைச் சத்து 10.25 சதவீதம் இருந்தா. 9.5க்குக் கீழே போனா 329 ரூபாய் 5 காசு. எங்க பக்கத்துக் கரும்புக்கு எது கிடைக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. ஆலை கரும்புச் சாறுல எடுக்கிற எத்தனாலுக்கு லிட்டருக்கு 65 ரூபாய் 61 காசு. ஒரு டன் கரும்புல சுமார் 70 லிட்டர் எத்தனால் எடுக்கலாம்னா நீங்களே பெருக்கிப் பாருங்க, 4,590 ரூபாய். எனக்கு வர்றது 3,290. வெட்டுக்கூலி அதுலேர்ந்து போகணும். ஆலைக்கும் செலவு இருக்கு, இல்லேங்கல. ஆனா எத்தனாலால விவசாயி கார் வாங்கிட்டான்னு மட்டும் எழுதாதீங்க. நான் கார் வாங்கினது அதுக்கு முன்னாடி.

இப்போ அந்த எத்தனால் திரும்பி வந்து என் வண்டி டாங்க்ல விழுது. வருஷத்துக்கு 800 லிட்டர்ல 160 லிட்டர் எத்தனால். ரெண்டேகால் டன் கரும்பு. என் கார் கரும்பு தின்னுது, யானை மாதிரி. ஒரு லிட்டர் எத்தனாலுக்கு 2,860 லிட்டர் தண்ணி ஆகுதுன்னு நிதி ஆயோக் 2021ல் போட்ட அறிக்கையிலயே இருக்கு. அப்போ என் ஒரு வண்டிக்கு வருஷத்துக்கு நாலரை லட்சம் லிட்டர் நிலத்தடி நீர். போர் போட்டு ஒவ்வொரு வருஷமும் குழாயை இறக்கிக்கிட்டே போறவன் நான். இது பசுமைன்னு எனக்கே பாடம் எடுக்கிறாங்க.

அதே அறிக்கையில இன்னொண்ணும் இருக்கு: இ20க்காகச் செய்யாத பழைய காருக்கு மைலேஜ் 6லேர்ந்து 7 சதவீதம் குறையும்னு. அறிக்கை வேண்டாம், மனக்கணக்கே போதும். எத்தனாலுக்குப் பெட்ரோல்ல மூணுல ரெண்டு பங்குதான் சக்தி. அஞ்சுல ஒரு பங்கு அதைக் கலந்தா மொத்தத்துல பதினைஞ்சுல ஒரு பங்கு போச்சு. நான் டைரியில ஒவ்வொரு தடவையும் எழுதி வைக்கிறேன், பத்து கொடுத்த வண்டி இப்போ 9.4. விலை குறைஞ்சுதா? அதே 96.

மைலேஜ் போனா போகட்டும். 2006ல் செஞ்ச வண்டியோட ரப்பர் இந்த அளவு எத்தனாலுக்குச் செஞ்சது இல்ல. எத்தனால் தண்ணியை இழுக்கும். மழைக்காலத்துல பத்து நாள் நிறுத்தி வச்சா டாங்க்ல என்ன நடக்கும்னு பயமா இருக்கு. போன ஆடி மாசம் பியூவல் ஹோஸ் ஒண்ணு ஊறிப் போய், தொட்டா ஜவ்வு மிட்டாய் மாதிரி கையோட வந்துச்சு. வாசனை வந்ததும் பார்த்ததால பிழைச்சோம். சென்னை புதுப்பேட்டையில தேடி எத்தனால் தாங்கற ரகத்துல மொத்த லைனையும் மாத்தினோம், 6,800 ரூபாய். "சில பழைய வண்டிகள்ல 20,000, 30,000 கிலோமீட்டருக்கு அப்புறம் ரப்பர் பாகங்களை மாத்த வேண்டியிருக்கலாம், செலவு குறைவுதான்"னு பெட்ரோலிய அமைச்சகம் ஆகஸ்ட்ல சொல்லுச்சு. யாருக்குக் குறைவு? பத்து வருஷ ஸ்ப்ளெண்டர்ல பால் கேன் கட்டிக்கிட்டு வில்லியனூருக்கு வர்றவருக்கா?

நான் எத்தனாலே வேணாம்னு சொல்லல. பங்க்ல ரெண்டு குழாய் வைங்க. ஒண்ணு இ20, விலை கொஞ்சம் குறைச்சு. இன்னொண்ணு பழையபடி பத்து சதவீதம். புது வண்டிக்காரர் அதைப் போடட்டும், பழைய வண்டிக்காரர் இதைப் போடட்டும். இதைக் கேட்டுப் போட்ட பொதுநல வழக்கை செப்டம்பர் 1ல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி பண்ணிடுச்சு. பணக்காரன் கார் பிரச்சினைன்னு உங்கள்ல சிலர் சிரிச்சீங்க. இந்த நாட்டுல பத்து வருஷம் தாண்டின வண்டியை யார் ஓட்டறாங்கன்னு ஒரு தடவை வில்லியனூர் மார்க்கெட் வாசல்ல வந்து நின்னு பாருங்க.

பழைய பெரிய வண்டியோட கஷ்டமே இல்லையான்னா, இருக்கு. வயல் வரப்பு வரைக்கும் போகாது, அரை கிலோமீட்டர் முன்னாடியே நிறுத்திட்டு நடக்கணும். எங்க ஊர் வேகத்தடைங்க எல்லாம் கார் வயித்தைக் கிழிக்கிறதுக்குன்னே கட்டினது, குறுக்கே சாய்ச்சு ஏத்தணும், பின்னாடி பஸ்காரன் ஹாரன் அடிப்பான். உதிரி பாகம் ஒண்ணு வேணும்னா நாலு நாள் காத்திருக்கணும். ஏ.சி. கம்ப்ரஸர் போனப்போ சித்திரை வெயில்ல ரெண்டு வாரம் ஜன்னலைத் திறந்து வச்சு ஓட்டினேன். மெக்கானிக் தம்பி மட்டும் துபாய் போயிட்டா என் கதி என்னன்னு எனக்கே தெரியாது. இந்த வண்டியைப் பிரிச்சு மாட்டத் தெரிஞ்ச ஆள் புதுச்சேரியிலேயே மூணு பேர்தான். அவங்க பிள்ளைங்க யாரும் ஸ்பேனர் பிடிக்கல. புதுக் கார் ஷோரூம்ல லேப்டாப்பைச் சொருகிப் பார்த்துட்டு "அசெம்பிளியோட மாத்தணும் சார்"னு சொல்ற வேலைதான் இப்போ கிடைக்குது. ஒரு புஷ்ஷை மட்டும் அடிச்சு மாத்துற கை இனி வராது.

சாயங்காலம் வில்லியனூர்லேர்ந்து திரும்பும்போது விழுப்புரம் ரோட்டுல என்னைத் தாண்டிப் போற எல்லாமே புது எஸ்.யு.வி. பாதி வண்டியில ஒரே ஒரு ஆள். டெம்பரரி நம்பர் பிளேட், பானட்ல பூமாலை, எலுமிச்சம்பழம் நசுங்கின டயர். எங்க ஊர் நகராட்சிக்குப் பேரு உழவர்கரை. உழவர்னு பேர்ல மட்டும்தான் மிச்சம், கரும்பும் நெல்லும் இருந்த இடமெல்லாம் மனை போட்டு வித்தாச்சு. வித்த காசு பாதி இந்த ரோட்டுலதான் சக்கரம் கட்டி ஓடுது.

ஆர்.சி. அடுத்த மார்ச்சில் முடியுது. வெட்டு உத்தரவு பிப்ரவரியில வரும்னு சொல்றாங்க. பத்தாயிரத்தைத் தனியா எடுத்து வச்சிருக்கேன். அதுக்குள்ள முன்பக்கம் ரெண்டு ஷாக் அப்சார்பரும் ஸ்டியரிங் ராட் எண்டும் மாத்தணும், புதுப்பேட்டைக்காரர் கிட்ட சொல்லி வச்சாச்சு. பொங்கலுக்கு ஊருக்கு வர்ற பிள்ளைங்க யாராவது சென்னையிலேர்ந்து வரும்போது அதை வாங்கிட்டு வந்து கொடுத்தா பஸ் பார்சல் செலவு மிச்சம்.